சீட்டை முன்னால் இழுத்தால் எரியும் விளக்கு

"தம்பி, நான் ஓட்டுனா ஒண்ணும் இல்ல, வீட்ல ஓட்டுனாத்தான் அந்தச் செவப்பு லைட்டு எரியுது."

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு காக்கா சொன்னது இது (அந்தப் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளி பக்கம் சின்னதாக ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். வண்டி கொஞ்சம் விலை கூடியது, இரண்டாம் கையாக வாங்கியது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று ஏற்கெனவே நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அவர்கள் ஸ்கேனரை மாட்டி, 'டிரைவர் சீட் பொசிஷன் சென்சார்' என்று வந்ததைப் பார்த்து, சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பில்லைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. ஒரு வாரம் விளக்கு வரவில்லை, அப்புறம் பழையபடி வந்துவிட்டது.

அந்த ஒரு வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க வண்டியை அவர்தான் ஓட்டியிருக்கிறார், அவர் மனைவி ஊரில் இல்லை. அவ்வளவுதான். புது சென்சாருக்கும் அந்த ஒரு வார நிம்மதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காக்கா ஆறடி உயரம், சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுவார். அவர் மனைவி ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, கிளட்ச் எட்டுவதற்குச் சீட்டை நன்றாக முன்னால் இழுத்துக்கொள்வார். ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி விஷயம் இதிலேயே கிடைத்துவிட்டது: சீட் முன்னால் போனால் பழுது, பின்னால் போனால் இல்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, நகரத்துப் பட்டறைக்காரர்கள் அதில்தான் விழுந்தார்கள், நானும் விழுந்திருப்பேன். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் சென்சார் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஏர்பேக் ஏதோ பஞ்சு மெத்தை மாதிரி மெதுவாக வந்து அணைத்துக்கொள்ளும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வண்டி மோதிய பிறகு ஏறக்குறைய 30 மில்லி செகண்டில், அதாவது கண்ணை ஒரு தடவை இமைத்து முடிப்பதற்குள், அது முழுதாக உப்பிவிட வேண்டும். அந்த வேகத்தில் வருவது, தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் காப்பு, ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கோ குத்து. நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் 1990களில், மெதுவாகப் போய் மோதிய வண்டிகளில்கூட ஏர்பேக் அடித்ததில் குழந்தைகளும் குட்டையான பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்குத் தகுந்த மாதிரி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏர்பேக்குகளை அங்கே 2003க்கும் 2006க்கும் இடையில் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள்.

அந்த ஏர்பேக்குக்குள் இரண்டு கட்டமாக வெடிக்கும் ஏற்பாடு இருக்கும். தள்ளி உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு, பலமான மோதலில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். கிட்டே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று மட்டும் வெடிக்கும், அல்லது இரண்டாவது கொஞ்சம் தாமதமாக வெடிக்கும். ஆள் கிட்டே இருக்கிறாரா தள்ளி இருக்கிறாரா என்று ஏர்பேக் கம்ப்யூட்டருக்குத் தெரிவதற்கு ஒரு எளிய வழி, சீட் தண்டவாளத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. சீட் பொசிஷன் சென்சாரின் வேலை அவ்வளவுதான், 'முன்னால்' அல்லது 'பின்னால்' என்று ஒரே ஒரு பதில் சொல்வது. ஆக, காக்காவின் மனைவி மாதிரி ஆட்களுக்காகவே வைத்த சென்சார் அது, அவர் உட்காரும்போது மட்டும் பழுதாகிறது.

சரி, எல்லா வண்டியிலும் இது உண்டா என்றால், இல்லை. நம் பக்கம் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் இந்தச் சென்சார் கிடையாது. இந்தியாவில் டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம், அதே தேதியிலிருந்து முன் சீட்டுகளுக்குப் பெல்ட் எச்சரிக்கையும் வந்தது, பக்கத்து சீட் ஏர்பேக் பழைய மாடல்களுக்கும் 2022 தொடக்கத்திலிருந்து கட்டாயமானது. இதனால் சாதாரண வண்டியிலும் சீட்டுக்கு அடியில் வயர்கள் வந்துவிட்டன. பெல்ட் பூட்டுக்குள் ஒரு ஸ்விட்ச், பக்கத்து சீட் மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதைக் காட்டும் ஒரு பாய், சில வண்டிகளில் சீட்டின் பக்கவாட்டில் ஒரு ஏர்பேக். வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் சேர்த்து 'சீட் சென்சார்' என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்தில் நகரும் மெமரி சீட்டில் மோட்டாருக்குள்ளேயே ஒரு சென்சார் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும். அது கெட்டால் சீட் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும், நினைவில் வைத்த இடம் மறந்துபோகும், ஏர்பேக் விளக்கு எரியாது. அது வேறு கதை. ஆனால் கீழே நான் சொல்லும் உப்பு விவகாரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே எப்படி வேலை செய்கிறது? ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதன் நடுவில் ஒரு பிளவு. பிளவின் ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் ஹால் சிப். 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு அது, மின்சாரம் ஓடும் தகட்டுக்குப் பக்கத்தில் காந்தப் புலம் வந்தால் குறுக்கே ஒரு சிறு வோல்டேஜ் பிறக்கும். சீட் நகரும்போது தண்டவாளத்தில் பொருத்திய இரும்புத் தகடு அந்தப் பிளவுக்குள் நுழையும், காந்தப் புலம் மறையும், சிப் தன் நிலையை மாற்றிக்கொள்ளும். உரசும் பாகம் எதுவும் இல்லாததால் தேய்மானம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேயாத ஒரு பொருளைத்தான் 'தேய்ந்துபோச்சு' என்று சொல்லி மாற்றினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது பதில் சொல்லும் விதம். பெரும்பாலும் இரண்டே வயர். ஏர்பேக் கம்ப்யூட்டர் ஒரு வயரில் வோல்டேஜ் கொடுக்கும், எவ்வளவு மின்சாரம் இழுக்கப்படுகிறது என்று அதே இடத்தில் அளக்கும். ஒரு நிலையில் 5 முதல் 7 மில்லி ஆம்பியர், மற்றொரு நிலையில் 12 முதல் 17 மில்லி ஆம்பியர், பொதுவாக இப்படி இருக்கும். எந்த அளவு எந்த நிலைக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். சாதாரண ஸ்விட்ச் மாதிரி 'உண்டு, இல்லை' என்று வைக்காமல் ஏன் இப்படி வைத்தார்கள்? வயர் அறுந்தால் சாதாரண ஸ்விட்ச் 'இல்லை' என்று சொன்ன மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். இங்கே பூஜ்யம் என்ற பதிலே கிடையாது. பூஜ்யம் வந்தால் வயர் அறுந்திருக்கிறது, 17ஐத் தாண்டி எங்கேயோ போனால் வயர் பாடியில் தொட்டு எர்த் ஆகிறது, 9, 10 என்று நடுவில் தொங்கினால் ஏதோ கோளாறு. மூன்றுக்கும் விளக்கு எரியும்.

இதனால்தான், ஸ்கேனர் காட்டும் வரியை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். 'சீட் பொசிஷன் சென்சார்' என்ற பெயரைப் படித்ததும் பாதிப் பேர் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் 'சர்க்யூட்', அதற்கும் பின்னால் 'எர்த் ஷார்ட்' (வயர் பாடியில் தொடுகிறது), 'ஓபன்' (அறுந்திருக்கிறது), 'தவறான அளவு' என்று ஏதாவது ஒன்று இருக்கும், நமக்கு வேண்டிய செய்தி அந்த வால்தான். கம்ப்யூட்டருக்குத் தெரிவது தன் பின்னில், அதாவது வயர் வந்து சேரும் உலோக ஊசியில், ஓடும் மின்சாரம் மட்டும். அந்தப் பின்னிலிருந்து சென்சார் வரை உள்ள ஒன்றரை இரண்டு மீட்டர் வயர், நடுவில் வயர்களை இணைக்கும் இரண்டு மூன்று கப்ளர், கடைசியில் சென்சார், இதில் எது கெட்டாலும் அதற்கு ஒரே பெயர்தான். வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்றால் ஃபேனையா முதலில் மாற்றுகிறோம்?

இன்னொன்று, போனில் புளூடூத்தில் பார்க்கிற மலிவான ஓபிடி கருவிகள் (வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகுவது) பெரும்பாலும் என்ஜின் கோடுகளை, அதாவது பழுது எண்களை, மட்டும்தான் படிக்கும். 'கோடு ஒண்ணும் இல்லண்ணே' என்று போனைக் காட்டுவார்கள், விளக்கு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். ஏர்பேக் பக்கம் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும், முடிந்தால் நேரடி அளவுகளையும் காட்டுவது.

காக்காவின் வண்டியில் வந்தது 'எர்த் ஷார்ட்'. இப்போது அந்தப் பொறிக்கு வருவோம். சீட் முன்னால் போகும்போது இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, சென்சார் தன் நிலையை மாற்றுகிறது, குறைந்த மின்சாரத்திலிருந்து கூடிய மின்சாரத்துக்கோ அல்லது எதிர்மாறாகவோ. இரண்டாவது, சீட்டோடு சேர்ந்து வயரும் இழுபடுகிறது. முன்னால் இழுத்தால் பழுது என்றால், மாறிய நிலையில் சென்சார் தப்பாக நடக்கிறது என்றும் சொல்லலாம், வயர் எங்கேயோ மாட்டுகிறது என்றும் சொல்லலாம். வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றேதான். பட்டறைக்காரர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், காது இருந்தால் போதும். சீட் தண்டவாளத்தில் பற்கள் உண்டு, ஒவ்வொரு பல்லாகத் தள்ளினால் 'டிக்' என்று பூட்டும். ஸ்கேனரில் நேரடி அளவைத் திறந்து வைத்துவிட்டு, பையனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கடைசியிலிருந்து ஒவ்வொரு டிக்காக முன்னால் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏழாவது டிக்கில் திரையில் 'பின்னால்' என்பது 'முன்னால்' என்று மாறியது, விளக்கு வரவில்லை. எட்டு, ஒன்பது, ஒன்றுமில்லை. பத்தாவது டிக்கில் பையன் "அண்ணே வந்துருச்சு" என்றான். சென்சார் மாறுவது ஏழில், பழுது வருவது பத்தில். சென்சார்தான் குற்றவாளி என்றால் ஏழிலேயே வந்திருக்க வேண்டும். மூன்று பல் தள்ளி வருகிறது என்றால் நகர்ச்சியோடு இழுபடும் ஏதோ ஒன்று, அதாவது வயர். இரண்டும் ஒரே பல்லில் வந்திருந்தால் மட்டும் சென்சார் மேல் சந்தேகப்பட்டிருப்பேன்.

இதற்கு மேல் சீட்டுக்கு அடியில் கை வைக்க வேண்டும், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மஞ்சள் நிறக் கப்ளரையோ மஞ்சள் உறை போட்ட வயரையோ பார்த்தால் அது ஏர்பேக்குக்குப் போவது. அதில் மீட்டரை ஓம்ஸில் வைத்து அளக்கவே கூடாது. ஓம்ஸ் அளக்க மீட்டர் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்பும், பையை வெடிக்கவைக்கும் திரிக்கு அதுவே போதுமானதாகிவிடலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு உடனே கை வைப்பதும் தப்பு. மோதலில் பேட்டரி உடைந்தாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டரில் சார்ஜ் சேர்த்து வைத்திருப்பார்கள், அது இறங்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் முதல் அதற்கு மேலும் கம்பெனிக்கு ஒரு கணக்கு. நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பரிசோதனைக்காக வேண்டுமென்றே செய்தாலொழிய, கப்ளரைக் கழற்றிய நிலையில் சாவியைப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம், இல்லாத பழுதெல்லாம் புதிதாகப் பதிவாகி நம்மையே குழப்பும்.

டீ குடித்துவிட்டு வந்து, நான்கு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைச் சாய்த்தோம். முதலில் வந்தது வாடை, மீன் வாடை. கார்ப்பெட்டைத் தொட்டால் ஈரம் இல்லை, ஆனால் பிசுபிசுப்பு. காக்கா வாராவாரம் பாம்பனுக்கு வந்து மீன் வாங்கிப்போகிறவர், ஐஸ் போட்ட பையைப் பின்சீட்டுக்குக் கீழே வைப்பார், ஐஸ் கரைந்து வழிந்த தண்ணீர் முன்சீட்டுக்கு அடியில் போய் நிற்கும். இங்கே வரும் வண்டிகளில் இது ஒரு வகை. இன்னொரு வகை ராமேஸ்வரம் வாடகைக் கார்கள். அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, சொட்டச் சொட்ட ஏறி உட்காரும் பக்தர்கள். விவரமான டிரைவர்கள் சீட்டின் மேல் ரெக்சினோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டிருப்பார்கள், மெத்தை தப்பிக்கும், ஆனால் தண்ணீர் விரிப்பின் ஓரமாக வழிந்து நேராகப் பெல்ட் பூட்டுக்குள் இறங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்த வண்டி என்றால் தண்டவாளத்தில் மணலும் சேர்ந்திருக்கும்.

கடல்தண்ணீர் ஏன் நல்ல தண்ணீரைவிட மோசம் என்றால், அது காய்வதே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும், கடலோரத்தில் ராத்திரி அது சாதாரணம். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், அதற்கு 33 சதவீதம் போதும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால், உப்பை வாரிய பிறகு கடைசியில் நிற்கும் கசப்புத் தண்ணீர் லேசில் காயாது என்பார்கள், அதில் இருப்பது இதுதான். வீட்டில் கல்லுப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். அதாவது வண்டியை மூன்று மாதம் வெயிலில் நிறுத்தினாலும் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர் ராத்திரிக்கு ராத்திரி நனைந்துகொண்டேதான் இருக்கும். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கம் இருக்கிற ஊரில் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புதான். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷப் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் உண்டு, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

உப்பு ஈரம் மின்சாரத்தை இரண்டு விதமாகக் கெடுக்கும், இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிப் பழுது கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முதல் விதம், கப்ளருக்குள் இரண்டு பின்னுக்கும் நடுவில் உப்புப் படிந்து பாலம் போடுவது. உதாரணத்துக்கு, வயரில் 8 வோல்ட் இருக்கிறது, உப்புப் பாலத்தின் தடை 2000 ஓம் என்றால், அதன் வழியாக 4 மில்லி ஆம்பியர் தனியாக ஓடும். சென்சார் ஒழுங்காக 6 இழுத்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது 10. இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை, விளக்கு எரியும். காலையில் எரிந்து, வெயில் ஏறியதும் வராமல் போகிற விளக்கு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இரண்டாவது விதம், பின்னே அரித்துப்போவது. நேர்மின்சாரம் ஓடும் இடத்தில் உப்புத்தண்ணீர் நின்றால் பாசிட்டிவ் பின் கரையும், பச்சையாகக் களிம்பு பூக்கும், பக்கத்தில் உள்ள எர்த் பின் ஓரளவு நன்றாகவே இருக்கும். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பச்சை, இன்னொன்று பளபளப்பு, அதுதான் அடையாளம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி மின்சாரம் இழுக்கும் சென்சாருக்குப் பின்னில் 100 ஓம் தடை வந்தால்கூடப் பெரிதாகத் தெரியாது. 15 மில்லி ஆம்பியர் 100 ஓமில் ஓடினால் ஒன்றரை வோல்ட்தான் விழும், மீதி வோல்டேஜில் சிப் வேலையை முடித்துவிடும். அதே கப்ளர் வரிசையில் உள்ள பக்கவாட்டு ஏர்பேக்குக்கோ மொத்தத் தடையே 2 ஓம் அளவில்தான், அதில் ஒரு ஓம், இரண்டு ஓம் கூடினாலே கம்ப்யூட்டர் கத்திவிடும். அதனால் கடலோர வண்டியில் 'பக்கவாட்டு ஏர்பேக் தடை அதிகம்' என்று வந்தால், சீட் சென்சாரும் அதே வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

காக்காவின் வண்டியில் கப்ளரில் லேசாகத்தான் பச்சை இருந்தது. உண்மையான பழுது அதற்கு ஒரு சாண் தள்ளி. சென்சாரிலிருந்து வரும் வயர் சீட்டின் சட்டத்தோடு ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் பிடித்திருக்க வேண்டும். யாரோ சீட் கவர் மாட்டும்போது அந்தக் கிளிப்பை உடைத்திருக்கிறார்கள், கவரின் கொக்கியை இழுத்துக் கட்டிய இடத்துக்கு அடியில் வயர் போய்விட்டது. சீட் பின்னால் இருக்கும்போது வயர் தொளதொளவென்று கிடக்கும். பத்தாவது பல்லுக்கு வந்தால் விறைத்து, சட்டத்தின் கூர்மையான ஓரத்தில் அழுந்தும். அங்கே உறை அரிசி அளவுக்கு உரிந்து, செம்பு கறுத்துப்போய்த் தெரிந்தது. எதிரே சட்டத்திலும் பெயிண்ட் போய் ஒரு பளபளப்பான கீறல். இரண்டும் தொட்டால் எர்த், கம்ப்யூட்டர் சொன்னது ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இன்னொன்றையும் செய்து பார்த்தேன், வெறும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காக. பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, சென்சாரின் கப்ளரை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி பேட்டரியைப் போட்டுச் சீட்டைப் பத்தாவது பல்லில் வைத்துப் படித்தால், கோடு 'எர்த் ஷார்ட்' என்றே நின்றது. சென்சார் ஷார்ட்டாகியிருந்தால், அதைப் பிடுங்கியதும் 'ஓபன்' என்று மாறியிருக்கும். சென்சாரே இல்லாதபோதும் ஷார்ட் என்றால் ஷார்ட் வயரில். பட்டறையில் புது சென்சார் வாங்கும் முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்திருந்தால் காக்காவுக்குப் பணம் மிச்சம். சென்சாரைத் தனியாகக் கழற்றி ஓம்ஸ் பார்த்து 'நல்லாருக்கு', 'போச்சு' என்று சொல்வதெல்லாம் சும்மா. உள்ளே இருப்பது சிப், வோல்டேஜ் கொடுக்காமல் அதைத் தட்டிப் பார்த்தால் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரிசெய்தது சின்ன வேலை. இது சென்சாரின் வயர் என்பதால் உரிந்த இடத்தை வெட்டி, கிரிம்ப் பண்ணி, உள்ளே பசை உருகி ஒட்டும் ஸ்லீவைச் சுட்டு மூடினேன். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் வயராக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், அதற்குக் கம்பெனி சொல்லும் வழிதான். கப்ளரைச் சுத்தம் செய்வதில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம், நானும் பல வருடம் செய்தேன்: நேராக ஸ்பிரே அடிப்பது. உப்பு எண்ணெயிலும் கரையாது, ஸ்பிரிட்டிலும் சரியாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பிரஷ்ஷில் தொட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட்டால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளி, நன்றாகக் காயவைத்து, கடைசியில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், எங்கள் ஊர்க் குழாயில் வருவதும் பாதி உப்புதான். தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் மணலும் எண்ணெயும் சேர்ந்து பசை மாதிரி இறுகியிருந்தது.

புதுக் கிளிப் போட்டு, வயருக்குக் கடைசிப் பல் வரைக்கும் தளர்வு இருக்கிறதா என்று சீட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து, கோடை அழித்தேன். சாவியைப் போட்டதும் விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தது. அந்தச் சில விநாடி முக்கியம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனியுங்கள், சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம் அல்லது வேறு விளக்கின் வயரோடு சேர்த்து இணைத்திருக்கலாம். எரிந்துகொண்டே இருந்தாலும் சும்மா விடாதீர்கள், அந்த நிலையில் பல வண்டிகளில் ஏர்பேக் முழுதாகவோ பாதியாகவோ வேலை செய்யாமல் போகலாம்.

அன்று சாயங்காலம் காக்கா வண்டி எடுக்க வரும்போது மனைவியையும் கூட்டிவந்தார். அவரையே உட்காரச் சொல்லி, அவருக்கு வசதியான இடத்துக்குச் சீட்டை இழுக்கச் சொன்னேன். பதினொன்றாவது டிக்கில் நிறுத்தினார். சாவியைத் திருப்பி, விளக்கு அணைவதை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி திருப்பிப் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் திரும்பி, "இனிமே மீன்பைய டிக்கியிலதான் வைக்கணும், சொல்லிட்டேன்" என்றார். காக்கா ஒன்றும் பேசாமல் பழைய சென்சாரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நகரத்துப் பட்டறையில் மாற்றியதும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மாதமாக டேஷ்போர்டிலேயே கிடந்தது.